வலிக்கவே இல்லையே சிஸ்டர்

எங்கள் சுகாதார நிலையம் காசிமேடு துறைமுகத்திலிருந்து நடந்து வருகிற தூரத்தில் இருக்கிறது. சுகர், பிரஷர் மாத்திரைக்கு வருகிறவர்களைப் பார்க்கிற நர்ஸ் நான். மீன் ஏலம் முடித்த கையோடு நேராக வந்து வரிசையில் நிற்பார்கள். புறங்கையில் செதில் காய்ந்து மினுங்கும். பிரஷர் பார்க்கக் கையை நீட்டச் சொல்லிக்கொண்டே, பல வருஷமாக நான் கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "எங்க வலிக்குது?" வலிக்கிற இடத்தைச் சொன்னால் எழுதிக்கொள்வேன். இல்லையென்றால் 'புகார் இல்லை' என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்புவேன்.

அந்தக் கேள்வி போதாது என்று எனக்குப் புரியவைத்தவர் ஐஸ் உடைக்கிற ஒருவர். ஐஸ் பாறையைத் தூக்கி மெஷினில் போட்டு நொறுக்கிப் படகுக்கு ஏற்றிவிடுகிற வேலை. ஐம்பது வயது ஆகவில்லை. பதினோரு வருஷமாகச் சுகர். மாதம் தவறாமல் வருவார், உட்காரக்கூட மாட்டார். "எனக்கின்னா சிஸ்டர், சோக்கா கீறேன். மாத்திரைய குடு, கெளம்பறேன்" என்பார். அவர் நோட்டில் மாதாமாதம் 'புகார் இல்லை'. என் கையெழுத்துதான்.

ஒரு நாள் வாந்தி என்று வந்தார். சோறு பிடிக்கவில்லை, உடம்பெல்லாம் அரிப்பு, வாயில் ஒரு துரு வாடை. கணுக்காலில் விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் 7.8. நல்ல உடம்புக்காரருக்கு அது 1.3-க்குள்தான் இருக்கும். "முதுகுவலி தவிர எனக்கு எதுவும் வலிக்கவே இல்லையே சிஸ்டர்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொய் சொல்லவில்லை. வலித்திருக்காது.

கிட்னி அப்படிப்பட்ட உறுப்பு. ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இரண்டும் சேர்ந்து ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டி, உடம்புக்கு வேண்டியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒன்றரை லிட்டர் போலத்தான் சிறுநீராக வெளியே விடும். கொஞ்சம் வடிகட்டிகள் செத்துப்போனால், மிச்சமிருப்பவை அந்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்யும். சம்பாதிக்கிற ஆண்கள் இல்லாத வீட்டை மூத்த பெண் ஒருத்தி தாங்குவாளே, அப்படி. வெளியிலிருந்து பார்த்தால் வீடு நடப்பதுபோலவே இருக்கும். பாதிக்கு மேல் போன பிறகுதான் கிரியேட்டினினே ஏற ஆரம்பிக்கும். வாந்தியும் வீக்கமும் வரும்போது கடைசிப் பத்துப் பதினைந்து சதவீதத்தில் நிற்கிறோம்.

கிட்னியில் கல் என்றால் வலிக்கும், தரையில் உருள வைக்கும். கல் உள்ளவர்கள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார்கள். சுகராலும் பிரஷராலும் கெடுகிற கிட்னிக்கு அந்தக் குரல் இல்லை.

அவருடைய முதுகு வேறு ஒரு கதையைச் சொன்னது. பாறை தூக்குகிற முதுகு வலிக்காமல் இருக்குமா? வேலை முடிந்ததும் மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் 'உடம்பு வலி மாத்திரை' இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்குவார். வருஷக்கணக்காக. டைக்ளோபினாக், ஐப்யூபுரூபன் போன்றவை கிட்னிக்குப் போகிற ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். ஏற்கெனவே சுகர் அரித்துக்கொண்டிருக்கிற கிட்னிக்கு, அதுவும் வெயிலில் வியர்த்துத் தண்ணீர் குடிக்காத உடம்பில், அது இரட்டை அடி. நான் முதுகைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. அவரும் அதை நோயாக நினைக்கவில்லை, தொழிலில் ஒரு பகுதி என்று நினைத்தார்.

முன்கூட்டியே தெரிந்திருக்குமா என்றால், தெரிந்திருக்கும். வடிகட்டி ஓட்டையாக ஆரம்பித்ததும் சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் ஒழுகும். ஒரு காகிதப் பட்டையைச் சிறுநீரில் தோய்த்தால் ஒரு நிமிஷத்தில் நிறம் மாறிக் காட்டும். சுகர் உள்ளவர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது இதைப் பார்க்க வேண்டும். புரதம் நிறைய ஒழுகினால் சிறுநீர் நுரைக்கும், கலையாத நுரை. 'நுரை வருதா பாருங்க' என்று போஸ்டரில் எழுதுவது சுலபம். இங்கே பாதிப் பேர் பொதுக் கழிப்பிடத்துக்குப் போகிறவர்கள். இருட்டில், பின்னால் வரிசை நிற்கும்போது யார் நின்று நுரையைப் பார்ப்பார்கள்? மீன் விற்கிற அக்காக்களோ கழிப்பிடம் தேடி அலைய வேண்டும் என்பதற்காகவே மத்தியானம் வரை தண்ணீரே குடிப்பதில்லை. அதனால்தான் வாயால் கேட்பதோடு நிறுத்தாமல், பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவது நல்லது என்று ஆகிவிட்டது எனக்கு.

சரி, அவருக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது. அதற்கான ஊசி குத்த வசதியாக இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்டார்கள். கை வைத்தால் உள்ளே குறுகுறுவென்று ஓடுவது தெரியும். அந்தக் கையில் இனி கனம் தூக்கக் கூடாது. ஐஸ் பாறை தூக்கிய கை அது.

அவருடைய மனைவி ஒரு நாள் தனியாக வந்து அழுதார். கிட்னிக்காக இல்லை. "அஞ்சாறு வருசமா நான் பேசறத காதுலயே வாங்கறது இல்ல சிஸ்டர். கூட்டாளிங்ககிட்ட மட்டும் நல்லா பேசுது. நான் கூப்ட்டா மட்டும் செவுடன் மாரி உக்காந்திருக்குது." அந்த அம்மாவுக்கு அது மரியாதைப் பிரச்சினை. அவர் சொன்ன அந்த 'செவுடன் மாரி' என்கிற வார்த்தை என் காதில் விழுந்து நின்றது. ஐஸ் மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவர் அல்லவா.

அடுத்த டயாலிசிஸ் நாளில், ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் காது மூக்குத் தொண்டைப் பிரிவில் காது சோதனை செய்யச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். வரைபடத்தில் தாழ்ந்த சுருதிகள் பரவாயில்லை. உயர்ந்த சுருதிக்குப் போகப் போகக் கோடு சறுக்குமரம்போல இறங்கியிருந்தது. உள்காதில் சத்தத்தை உணரும் மயிர்ச் செல்கள் ஒரு காதுக்கு 15,000 போலத்தான் உண்டு. செத்தால் திரும்ப முளைக்காது. 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் வரை தாங்கலாம் என்பது ஒரு கணக்கு. 3 டெசிபல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும். மீட்டர் வேண்டாம்: கை எட்டுகிற தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் காதைக் கெடுக்கிற இடம். லேத் பட்டறை, விசைப்படகின் என்ஜின் அறை என்று இங்கே எத்தனை பேர் அப்படிக் கத்திப் பேசிப் பிழைக்கிறார்கள்.

முதலில் போவது உயர்ந்த சுருதி. பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் அங்கேதான் அதிகம் இருக்கின்றன. ச, த, ப போன்ற மெய்களின் கூர்மையும் அங்கேதான். அதனால் சத்தம் விழும், வார்த்தை பிடிபடாது. 'காசு' என்றதும் 'காது' என்றதும் ஒன்றாகவே இருக்கும். கட்டைக் குரலில் பேசுகிற கூட்டாளியின் பேச்சு புரியும், மனைவியின் பேச்சு புரியாது. இதைச் சொன்னதும் அந்த அம்மா வெகு நேரம் பேசவில்லை. அப்புறம், "இத்தினி வருசம் நான் திட்டினதுங்கூட அதுக்கு விழலியா?" என்று கேட்டார். அன்றைக்கு நான் வேறு யாரையும் சரியாகக் கவனித்ததாக ஞாபகம் இல்லை.

கண் விஷயத்தில் இன்னொரு பாடம். மீன்பாடி வண்டி ஓட்டுகிற பெரியவர் ஒருவர். தூரப் பார்வைப் பலகையில் கடைசி வரிசை வரை படித்தார், நான் 'பார்வை இயல்பு' என்று எழுதினேன். போகும்போது சும்மா சொன்னார்: "இப்ப பைக் ஓட்ற பசங்க எங்கிருந்து வர்றானுங்கன்னே தெரில, திடீர்னு சைடுல முளைக்கிறானுங்க." இரண்டு மாதத்தில் இரண்டு தடவை இடித்திருக்கிறார். அவரை எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். 1819-ல் ஆரம்பித்த ஆஸ்பத்திரி அது. எங்கள் பக்கத்து மூன்று தலைமுறைக்கு அந்தப் படிக்கட்டு தெரியும். கண் அழுத்த நோய், கிளாக்கோமா என்றார்கள். பக்கவாட்டுப் பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், நடுப்பார்வை கடைசி வரை நிற்கும். பலகை நடுப்பார்வையைத்தானே சோதிக்கிறது. கண்புரை என்றால் சின்ன ஆபரேஷனில் வெளிச்சம் திரும்பும். கிளாக்கோமாவில் போனது போனதுதான், சொட்டு மருந்து இருப்பதைக் காக்கும், அவ்வளவே. அவர் தினமும் இரவு சொட்டு விடுகிறார். வண்டியை மகனிடம் கொடுத்துவிட்டார்.

வெல்டிங் பட்டறைப் பையன்கள் மட்டும் கண்ணுக்காக ஓடி வருவார்கள், ஏனென்றால் அது வலிக்கும். கண்ணாடி இல்லாமல் பற்றவைத்து ஆறேழு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் மணல் கொட்டினாற்போல எரியும். தாய்ப்பால் விட்டுக்கொண்டு வருவார்கள். பாலை விட வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கு ஓயவில்லை. அந்த எரிச்சல் ஓரிரு நாளில் ஆறிவிடுகிறது. வலி வந்தது ஆறுகிறது, வராதது பார்வையைக் கொண்டுபோகிறது. எத்தனை தடவை பார்த்தாலும் மனம் ஒப்பவில்லை.

ஐஸ்காரருக்கும் கண் பார்த்தார்கள். பலகை முழுக்கப் படித்தார், ஆனால் விழித்திரையில் ரத்தப் புள்ளிகள். உடம்பில் கத்தி வைக்காமல் ரத்தக்குழாயை நேராகப் பார்க்க முடிகிற இடம் அது. சுகர் அங்கே செய்திருப்பதைக் கிட்னியிலும் செய்திருக்கும் என்று டாக்டர்கள் யூகிப்பார்கள்.

கிட்னி, காது, கண் மூன்றும் இன்னும் பல வகையில் பிணைந்து கிடக்கின்றன. கிட்னியைப் போலவே உள்காதிலும் உப்பையும் நீரையும் இறைக்கிற செல்கள் உண்டு. ஜென்டாமைசின், அமிகாசின் போன்ற ஊசிகள் இரண்டையும் சேர்த்தே பதம் பார்க்கும். டிபி மாத்திரைகளில் எத்தாம்பியூட்டால் கண் நரம்பைத் தொடும். கிட்னி பலவீனமானவருக்கு அந்த ஆபத்து கூடும். அதனால் டிபி மாத்திரை சாப்பிடுகிறவரிடம் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

இதெல்லாம் படிப்பில் வந்ததுதான். ஆனால் ஒரே ஆளிடம் மூன்றையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று என் மனதில் பதிந்தது ஒரு பையனால். பள்ளி முகாமில் வந்தவன், பதின்மூன்று வயது. 'கவனம் இல்லை' என்று டீச்சர் அனுப்பியிருந்தார். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. காதில் அழுக்கு இல்லை, சீழ் இல்லை. பழக்கம் காரணமாகப் பாட்டிலைக் கொடுத்தேன். பட்டையில் ரத்தமும் ஆல்புமினும் ஏறியிருந்தன. ஜுரம் வந்தால் சிறுநீர் டீ டிகாக்‌ஷன் மாதிரி போகும் என்று அம்மா சொன்னார், சூடு என்று நினைத்து மோர் கொடுத்திருக்கிறார்.

"வீட்ல வேற யாருக்காவது இப்படி?" என்று கேட்டேன்.

"எங்க வூட்ல இல்ல. என் தம்பிதான்… இவனோட தாய்மாமன். அவனுக்கும் காது மந்தம். இருபத்தி நாலு வயசுல உடம்பு வீங்கி செத்துட்டான்."

பெரிய ஆஸ்பத்திரியில் திசுப் பரிசோதனை வரை போய், ஆல்போர்ட் நோய் என்று சொன்னார்கள். 1927-ல் ஆல்போர்ட் என்கிற டாக்டர் ஒரே குடும்பத்தில் கிட்னிக் கோளாறும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வருவதை எழுதியதால் அந்தப் பெயர். கிட்னி வடிகட்டியிலும் உள்காதிலும் கண் லென்ஸின் உறையிலும் ஒரே வகைக் கொலாஜன் சவ்வு இருக்கிறது. அதைப் பின்னுகிற மரபணுவில் பிழை இருந்தால் மூன்றும் ஒவ்வொன்றாக நையும். பெரும்பாலான குடும்பங்களில் அது அம்மாவின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும். பையன்களைக் கடுமையாகத் தாக்கும். அதனால்தான் தாய்மாமன். மாமன் மடியில் உட்காரவைத்துக் காது குத்துகிற ஊரில், அந்த மாமனின் காதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. நானும் அதுவரை கேட்டதில்லை.

பையனுக்கு ராமிப்ரில் கொடுக்கிறார்கள். நோயை மாற்றாது, ஆனால் புரதம் ஒழுகுவதைக் குறைத்துக் கிட்னி கெடுகிற நாளைத் தள்ளிப்போடும். காதுக்கு மெஷின் வந்துவிட்டது. வகுப்பில் முதல் பெஞ்ச்.

இப்போது வலியைக் கேட்பதற்கு முன் வேறு நாலு கேள்வி கேட்கிறேன். ராத்திரி சிறுநீர் கழிக்க எத்தனை தடவை எழுந்திருக்கிறீர்கள்? உடம்பு வலிக்குக் கடையில் என்ன வாங்கிப் போடுகிறீர்கள்? டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லி வீட்டில் யார் சண்டை போடுகிறார்கள்? பஸ் நம்பர் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது? வரிசை நீண்டுபோகிறது, பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

போன வாரம் அந்தப் பையனின் அம்மா இரண்டு பாட்டிலோடு வந்தார். ஒன்று சின்ன மகளுடையது, ஒன்று அவருடையது. நான் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது. மகளுடைய பட்டை சுத்தமாக இருந்தது. அவருடையதில் ரத்தத்தைக் காட்டுகிற கட்டம் மெதுவாகப் பச்சைக்கு மாறியது. நோயைச் சுமந்து வருகிற பெண்களுக்கும் வயதாக ஆகக் கிட்னி கெடலாம், இனி அவரும் வருஷா வருஷம் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டையை, பட்டை வருகிற டப்பாவின் பக்கத்திலிருக்கும் நிறக் கட்டங்களோடு வைத்து அவருக்குக் காட்டினேன்.

"எனக்கு வலிக்கவே இல்லையே சிஸ்டர்" என்றார்.

"தெரியும்மா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் புது நோட்டு ஒன்றை எடுத்து, மேலே அவர் பெயரை எழுத ஆரம்பித்தேன்.