சங்கரய்யாவைப் பிடித்துக்கொண்டு மெயின்ஸ் தாண்டினேன்

டிஎன்பிஎஸ்சி குரூப் 1 மெயின்ஸ் (முதன்மை எழுத்துத் தேர்வு) ரிசல்ட் வந்து நாலு நாள் ஆகிறது. மூன்றாவது தடவை. நேர்முகத் தேர்வுப் பட்டியலில் என் எண் இருப்பதை அம்மாதான் முதலில் பார்த்தார். இன்னும் கை நடுக்கம் முழுசாக நிற்கவில்லை.

பாடத்திட்டம், கட் ஆஃப் எல்லாம் உங்களுக்கே தெரியும். என்னைக் கவிழ்த்ததையும் தூக்கிவிட்டதையும் மட்டும் சொல்கிறேன். இரண்டாவது தடவை, டெஸ்ட் பேட்சில் (பயிற்சி மாதிரித் தேர்வில்) தமிழ்நாட்டுப் பொதுவுடைமை இயக்கம் பற்றி ஒரு வினா. சிங்காரவேலர், 1923 மே தினம், 1925 கான்பூர் மாநாடு, ஜீவா, ஜனசக்தி என்று அடுக்கித் தள்ளினேன். விடைத்தாளில் சிவப்பு மையில் ஒரே வரி: "இது விடை இல்லை, பட்டியல்." அந்த வருஷம் மெயின்ஸிலும் அதே தப்பைத்தான் செய்தேன்.

இந்தத் தடவை ஒரே ஒரு ஆளை எடுத்துக்கொண்டேன்: சுதந்திரப் போராட்ட வீரரும் கம்யூனிஸ்ட் தலைவருமான என். சங்கரய்யா. கிழித்துப் போட்ட தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம், அவர் வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தாள். மேலே ஆண்டு, கீழே "ஏன்?" என்ற ஒரே கேள்வி.

முதல் தாள் 1941. மதுரை அமெரிக்கன் கல்லூரி மாணவர், பி.ஏ. இறுதித் தேர்வுக்குச் சுமார் இரண்டு வாரம் இருக்கும்போது கைது. பட்டம் அதோடு போனது. நான் அதை எழுதும்போது எனக்கும் தேர்வுக்கு அதே இரண்டு வாரம்தான் இருந்தது. வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த தாள்கள்:

- 1946: கம்யூனிஸ்டுகள் மீது ஆங்கிலேய அரசு போட்ட மதுரை சதி வழக்கு. விடுதலையானது 1947 ஆகஸ்ட் 14, சுதந்திரத்துக்கு முந்தைய நாள்.
- 1948: கம்யூனிஸ்ட் கட்சி மீது தடை, தலைமறைவு.
- 1967, 1977, 1980: மதுரையிலிருந்து சட்டமன்றம்.
- 1995 முதல் 2002 வரை: மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளர்.

நடுவில் 1964ஐ விட்டிருக்கிறேன். காரணம், எனக்கு மார்க் வாங்கித் தந்ததே அந்தத் தாள்தான். கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்து மார்க்சிஸ்ட் கட்சி பிறந்த வருஷம் அது; தேசியக் கவுன்சிலிலிருந்து வெளியேறிய 32 பேரில் அவரும் ஒருவர். "ஏன்?" என்று ஒரு தடவை கேட்டால் டாங்கே கடிதங்கள் வரும் (கட்சித் தலைவர் டாங்கே ஆங்கிலேய அரசுக்கு ஒத்துழைப்பதாக எழுதியதாகச் சொல்லப்பட்டவை). திரும்பக் கேட்டால் 1962 சீனப் போர். இன்னொரு தடவை கேட்டால் காங்கிரஸ் அரசை ஆதரிப்பதா எதிர்ப்பதா என்ற பழைய சண்டை. இந்த மூன்றையும் சேர்த்து எழுதினால் அது விடை. 32 என்ற எண்ணோடு நிறுத்தினால் பழையபடி பட்டியல்தான்.

தலைவரைப் பற்றிக் கேட்டால் பிறந்த ஊர், பெற்றோர் என்று தொடங்கவே தொடங்காதீர்கள். நான் இரண்டு வருஷம் அப்படித் தொடங்கி, கடைசிப் பத்திக்கு நேரமில்லாமல் தவித்தவன்.

மற்றவை:

- குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை. தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன்.
- தினம் ஒரு விடை, கடிகாரம் வைத்து, பேனாவால்.
- கடைசி வாரம் புதுப் புத்தகம் தொடவே வேண்டாம்.

2021இல் சங்கரய்யாவுக்குத் தமிழ்நாடு அரசின் முதல் தகைசால் தமிழர் விருது கொடுத்தார்கள். அந்தப் பத்து லட்சத்தையும் முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார். 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தர முடிவெடுத்தும், ஆளுநர் கையெழுத்து வரவில்லை. அந்த நவம்பரில் அவர் இறந்துபோனார். 1941 தாளுக்குப் பக்கத்திலேயே இதையும் ஒட்டி வைத்திருக்கிறேன்.

நேர்முகத் தேர்வுக்கு இப்போது இன்னொரு கம்யூனிஸ்ட் தலைவரான நல்லகண்ணுவை எடுத்திருக்கிறேன். முதல் தாளில், தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து அவர் போட்ட வழக்கு.