கடைசியில் மிஞ்சிய சொல்

இடப்புறம் பத்து ஆங்கிலச் சொற்கள், வலப்புறம் பத்து விளக்கங்கள் என அமைந்த ‘பொருத்துக’ பயிற்சிகளை நான் நெடுநாள் விடாமல் செய்துவந்தேன். பெரும்பாலும் பத்துக்குப் பத்து கிடைத்தது. ஆனால், ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால், அந்தச் சொற்களில் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. மதிப்பெண்ணுக்கும் எழுத்துக்கும் இடையே இவ்வளவு தொலைவு ஏன் என்று யோசித்தபோதுதான் பயிற்சியின் அமைப்பையே கவனிக்கத் தொடங்கினேன்.

பத்தில் ஒன்பது சொற்கள் தெரிந்தவருக்குப் பத்தாவது சொல் தானாகவே பொருந்திவிடுகிறது. ஏழு தெரிந்தால், எஞ்சிய மூன்றைப் பொருத்த ஆறே வழிகள்தாம் உள்ளன. சிறு ஊகமே போதும். கடைசியில் மிஞ்சிய சொல்லைக் கற்றுவிட்டதாக நாம் நம்புகிறோமே தவிர, உண்மையில் அதன் பொருளை ஒருமுறைகூடத் தேடியிருப்பதில்லை. நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 1983இல் வெளியிட்ட சொல்வளத் தேர்வில் ஆறு சொற்களுக்கு மூன்று விளக்கங்களே தரப்பட்டிருந்தன. மூன்று சொற்கள் எப்படியும் மிஞ்சும் என்பதால், கழித்துக் கழித்து விடைக்கு வருவது அங்கே எளிதன்று. அதை அறிந்தபின், நானே தயாரிக்கும் பட்டியல்களிலும் சொற்களின் எண்ணிக்கையை விளக்கங்களின் எண்ணிக்கையைவிடக் கூட்டிக்கொண்டேன்.

அத்துடன், ஒரே பட்டியலில் பெயர்ச்சொல்லையும் வினைச்சொல்லையும் கலப்பதை நிறுத்தினேன். ‘டு’ (to) என்று தொடங்கும் விளக்கம் வினைச்சொல்லுக்கு உரியது என்பதை இலக்கணமே காட்டிக்கொடுத்துவிடும். பொருளைப் பற்றி எண்ணவே வேண்டியிருக்காது. விளக்கத்தின் மொழியும் முக்கியம். 1978இல் வெளிவந்த லாங்மன் நிறுவனத்தின் கற்போருக்கான அகராதி, ஏறத்தாழ 2000 எளிய சொற்களைக் கொண்டே எல்லாச் சொற்களையும் விளக்க முயன்றது. தெரியாத ஒரு சொல்லுக்குத் தெரியாத மூன்று சொற்களால் விளக்கம் தரும் பட்டியல்களைப் பார்த்துச் சோர்ந்த எனக்கு, அத்தகைய அகராதிகள் பெரும் துணையாயின.

‘எகனாமிக்’ என்றால் பொருளாதாரம் சார்ந்தது. ‘எகனாமிகல்’ என்றால் சிக்கனமானது. இத்தகைய இரட்டைகளை ஒரே நாளில் பொருத்திப் படித்தபோது, இரண்டும் என் மனத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. ஆகவே, முதற்சொல் நன்கு பதிந்த பிறகே இரண்டாவதைப் பட்டியலில் சேர்க்கிறேன்.

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பின்னரும் ஒரு குறை இருந்தது. ‘கமிட்’ என்ற சொல்லைச் ‘செய்தல்’ என்ற விளக்கத்துடன் பலமுறை பொருத்தியிருந்த நான், ஒரு கடிதத்தில் நற்செயல் செய்த ஒருவரைப் பாராட்டும்போது அதே சொல்லைப் பயன்படுத்திவிட்டேன். குற்றம், பிழை, தற்கொலை போன்றவற்றோடு அச்சொல் சேரும் என்பதைப் பின்னர் ஒரு நண்பர் சுட்டிக்காட்டியபோது மிகவும் வருந்தினேன். என் விளக்கத்தில் பொருள் இருந்தது. அந்தச் சொல் எந்தச் சொற்களோடு பழகுகிறது என்பது இல்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு விளக்கத்தின் கீழும் அச்சொல் இயல்பாக வரும் ஒரு வாக்கியத்தையும் எழுதி வைக்கிறேன்.

பொருத்தி முடித்ததும் இப்போது நான் தாளை மூடுவதில்லை. சொற்கள் உள்ள பகுதியை மறைத்துவிட்டு, விளக்கத்தை மட்டும் படித்து, சொல்லை எழுத்துப் பிழையின்றி நினைவிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். கண்ணால் அடையாளம் காண்பதைவிட இது பலமடங்கு கடினம். கற்றது முதல் சில மணி நேரங்களிலேயே வேகமாக மறக்கிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தம்மீது நடத்திய சோதனைகளால் காட்டினார். அதனால் அதே பட்டியலை மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் வரிசையைக் கலைத்து எழுதுகிறேன். தவறிய சொற்கள் மட்டும் அடுத்த பட்டியலுக்குச் செல்கின்றன. ‘கமிட்’ இதுவரை நான்கு பட்டியல்களைக் கடந்து வந்திருக்கிறது.