சுரங்கம் தோண்டி மூடுன நிலத்துல திரும்ப வெள்ளாம எடுத்த அனுபவம்

சுரங்கத்துக்குக் குடுத்த நிலம் திரும்பக் கைக்கு வரப்போகுதுன்னா, ஒப்படைப்பு பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி குழி தோண்டிப் பாத்துருங்க. ஒண்ணு பத்தாது, நாலஞ்சு எடத்துல, இடுப்பளவு ஆழத்துக்காவது. மத்த எல்லாத்தையும் அப்புறம் பேசிக்கலாம்.

எங்க நிலத்துல நிலக்கரி எடுத்து முடிச்சதும் பாறையும் மண்ணுமா கொட்டி பள்ளத்த மூடி, அதுக்கு மேல மேல்மண்ண பரப்பி, டோசர் விட்டு இழுத்து ஒரு மேடு பள்ளம் இல்லாம சமம் பண்ணிட்டாங்க, புல்லு விதை தூவி பச்சையா வேற நின்னுச்சு. பாத்தவங்க எல்லாரும் நல்லா பண்ணிருக்காங்கன்னுதான் சொன்னாங்க. அண்ணன் கடப்பாரைய எடுத்துட்டுப் போயி ஒரு எடத்துல குத்துனாரு. ஒரு சாண் எறங்குச்சு, அப்புறம் டங்குன்னு சத்தம், கை அதிர்ந்துடுச்சு. பாறையா இருக்கும்னு தள்ளிப் போயி குத்துனா அங்கயும் அதே கதை. சரின்னு ஜேசிபி வச்சு ஒரு பக்கமா செங்குத்தா வெட்டிப் பாத்தோம். மேல ஒரு சாணுக்கு பழுப்பு மண்ணு, அதுல புல்லு வேரு அடர்த்தியா இருக்கு. அதுக்குக் கீழ சாம்பல் கலர்ல மண்ணு தகடு தகடா படிஞ்சு கெடக்கு, ஒடச்சா படுக்கை வாட்டத்துலயே பிரியுது, ஒரு வேரு கெடையாது, மண்புழு போன ஒரு ஓட்டை கெடையாது. மேல இருந்து வந்த வேரு எல்லாம் அந்தக் கோடு வரைக்கும் வந்து அப்படியே பக்கவாட்டுல திரும்பி பாய் விரிச்ச மாதிரி படுத்துருந்துச்சு. சாயங்காலம் குழியில தண்ணி ஊத்தி வச்சோம், காலையில போயி பாத்தா முக்காவாசி அப்படியே நிக்குது.

சுரங்க நிலத்துல பெரும்பாலும் முதல் எதிரி இந்த இறுக்கம்தான். உரம் இல்லாதது, சத்து இல்லாதது எல்லாம் ரெண்டாவது. டம்பரும் டோசரும் அதே மண்ணு மேல திரும்பத் திரும்ப ஓடுது, அதுவும் ஈரமா இருக்கும்போது ஓடுனா மண்ணுக்குள்ள இருக்குற காத்து எடம் எல்லாம் நசுங்கிப் போயிடும். நல்ல வெள்ளாம மண்ணு ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் சுமாரு எடை வரும், அதுவே 1.7, 1.8னு ஏறிட்டா அனேகமா எந்தப் பயிரோட வேரும் உள்ள போறதுக்குத் திணறும். மேல என்ன உரம் போட்டாலும் அந்த ஒரு சாண் மண்ணுக்குள்ளதான் பயிரு பொழைக்கணும், மழை பெஞ்சா தண்ணி நின்னு அழுகும், நாலு நாள் வெயில் அடிச்சா வாடும்.

இதச் சொன்னப்போ சுரங்கக் கம்பெனி பக்கத்துல இருந்து வந்த பதில், சமமா இல்லைன்னா ஆய்வுல பாஸ் ஆகாதுங்க, மறுபடி கிளறி விட்டா மண்ணு கரைஞ்சு ஓடிடும்ங்கன்னு. இது உலகம் பூரா நடந்த கதைதான். அமெரிக்காவுல 1977ல சுரங்க நிலத்த மீட்டே ஆகணும்னு சட்டம் வந்துச்சு, அது ரொம்ப நல்ல சட்டம், ஆனா மண் சரிவத் தடுக்கணும்ங்கிற அக்கறையில எல்லாரும் மண்ண இறுக்கி மட்டம் தட்ட ஆரம்பிச்சாங்க, அப்பலாச்சியா மலைப்பகுதியில நட்ட மரங்க வளராம கட்டையா நின்னுச்சு. அப்புறம் அங்கயே 2004ல அரசு ஆளுங்களும் வன ஆராய்ச்சிக்காரங்களும் சேந்து, கொறஞ்சது 4 அடிக்கு மண்ண இறுக்காம தளர்வாப் போடுங்க, மேல மட்டம் தட்டாதீங்கன்னு புது முறைய பரப்ப ஆரம்பிச்சாங்க. தளர்வா இருக்குற மண்ணு தண்ணிய உள்ள வாங்கிக்கும், அதனால ஓடுற தண்ணியே கொறையும். மேடும் பள்ளமுமா கெடக்குற நிலத்தப் பாத்து மோசமான வேலைன்னு நெனைக்குற பழக்கம் நம்ம எல்லாருக்கும் இருக்கு, அத மொதல்ல விடணும்.

நாங்க ஒத்தக் கால்ல நின்னு, இறுகுன மண்ண ஆழமாக் கிழிச்சு விடுற ரிப்பர் விட வச்சோம். பெரிய டோசருக்குப் பின்னாடி ஒத்தைக் கொம்பு ரிப்பர், ஒரு மீட்டர் ஆழத்துக்கு, சரிவுக்குக் குறுக்க. இதுல ஒரே ஒரு விஷயத்த மட்டும் யாருக்காகவும் விட்டுக் குடுக்காதீங்க, மண்ணு அடி வரைக்கும் நல்லா காஞ்சிருக்கும்போதுதான் ஓட்டணும். காஞ்ச மண்ணு வெடிச்சு ரெண்டு பக்கமும் பொளந்து தூக்கும், கிட்ட நின்னா காலுக்குக் கீழ தரை அசையுறது தெரியும். ஈர மண்ணுல ஓட்டுனா கத்தி கீறுன கோடு மட்டும் விழும், ரெண்டு பக்கமும் இன்னும் இறுகிடும், டீசல் காசுதான் நட்டம். ஓட்டி முடிச்சதும் அந்த மண்ணு மேல திரும்ப கனமான வண்டி எதுவும் ஏறவே கூடாது, வழி விட்டுத்தான் வண்டி போகணும்னு கயிறு கட்டியே வச்சிருந்தோம்.

மண் பரிசோதனைக்கு வருவோம். சாதாரணமா குடுக்குற பரிசோதனை சுரங்க நிலத்துக்குப் பத்தாது. கரி படுகைக்கு மேல இருக்குற பாறையில பைரைட்னு இரும்பும் கந்தகமும் சேந்த ஒண்ணு இருக்கும், அது மண்ணுக்கு அடியில இருக்குற வரைக்கும் பிரச்சனை இல்ல, தோண்டி வெளிய போட்டு காத்தும் தண்ணியும் பட்டா கந்தக அமிலமா மாற ஆரம்பிச்சிடும். இன்னைக்கு பிஹெச் (மண்ணோட புளிப்ப காட்டுற அளவு, எண்ணு கொறைய கொறைய புளிப்பு கூடும்) 6 காட்டுற மண்ணு கொஞ்ச காலம் கழிச்சு 3.5க்குக் கூட எறங்கலாம், அப்போ அலுமினியம் கரைஞ்சு வேர் நுனியக் கருக்கிடும். அதனால பைரைட்டுல இருக்குற கந்தகம் எவ்ளோ, அத சமாளிக்குற சுண்ணாம்புத் தன்மை மண்ணுலயே எவ்ளோ இருக்குன்னு ரெண்டையும் தனியா கேட்டு வாங்குங்க. கணக்கு இதுதான், 1 சதவீதம் கந்தகம் இருந்தா 1000 டன் மண்ணுக்கு 31.25 டன் சுண்ணாம்புக்கல் பொடி வேணும். ஒரு ஏக்கர்ல ஆறேழு இன்ச் ஆழத்து மண்ணே கிட்டத்தட்ட 1000 டன் வரும், பாத்துக்கோங்க. எங்களுக்கு ஒரு மூலையில மட்டும்தான் அந்த மண்ணு மேல வந்துருந்துச்சு, மழைக்கப்புறம் துரு கலர்ல தண்ணி கசிஞ்சதுலயே தெரிஞ்சுபோச்சு. அங்க பொடி போட்டு மட்டும் சமாளிக்க முடியாதுன்னு, அந்த மண்ண வெட்டி எடுத்து ஆழத்துல பொதைக்க வச்சோம்.

இன்னொண்ணு, ரிப்போர்ட்ல கரிமச் சத்து நெறைய காட்டுச்சுன்னா சந்தோசப்பட்டுடாதீங்க. மண்ணுல கலந்துருக்குற கரித்தூளும் அதுல கணக்காகிடும். அது மக்குன சத்து இல்ல, பயிருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

மேல்மண்ணுன்னு அவங்க பரப்புனதும் பழைய உயிரோட்டமான மண்ணு கெடையாது, வருசக்கணக்கா உயரமாக் குவிச்சு வச்சுருந்தது. குவியலுக்கு உள்ள காத்து போகாது, மண்புழு, வேரோட ஒட்டி வாழுற பூஞ்சை எல்லாம் செத்துப்போயிடும். அதனால எடுத்த எடுப்புல காசுப் பயிருக்குப் போகாம சணப்பு, தக்கைப்பூண்டு, கூடவே ஆழமா வேர் விடுற புல்லு வகைன்னு கலந்து வெதச்சோம். சணப்பு, தக்கைப்பூண்டு வெதைக்கு ரைசோபியம்னு வேர் முடிச்சுல தழைச்சத்து சேக்குற பாக்டீரியாவக் கலந்து நேர்த்தி கண்டிப்பா பண்ணனும், ஏன்னா செத்த மண்ணுல அந்த பாக்டீரியா போதுமான அளவு இருக்காது. பூக்குற நேரத்துல மடக்கிப் போட்டு மூடாக்கா விட்டோம், அள்ளிட்டுப் போகல. தொழு உரம் கெடச்ச வரைக்கும் கொட்டுனோம், மணிச்சத்து தனியா குடுத்தோம். மொதல் வெதைப்புல திட்டுத்திட்டா மொளச்சு வயிறு கலங்குச்சு. திரும்பத் திரும்ப அதயே செஞ்சோம். ஒரு பருவத்துல மண்வெட்டி போட்டப்போ கீழ சாம்பல் மண்ணுக்குள்ள சணப்பு வேரு நேரா எறங்கிப் போனத பாத்து அண்ணன் என்னையக் கூப்ட்டு காட்டுனாரு, அவ்ளோ சந்தோசம் எங்களுக்கு. அதுக்கப்புறம்தான் தானியம் போட்டோம். வெளச்சல் பக்கத்து தோண்டாத நிலத்த இன்னும் தொடல, ஆனா வருசா வருசம் கூடிக்கிட்டே வருது.

நிலம் உக்காருறதுக்கும் தயாரா இருங்க. ஒடச்ச பாறை இருந்தத விட அதிக எடம் பிடிக்கும், பிறகு மெதுவா எறங்கும், அதுவும் ஒரே சீரா எறங்காது. தோண்டுன பகுதியும் தோண்டாத பகுதியும் சேருற விளிம்புலதான் விரிசலும் பள்ளமும் வரும். அங்க கெணறு, தொட்டி, கட்டடம் எதையும் கொஞ்ச வருசத்துக்கு வைக்காதீங்க, தண்ணிக் குழாயையும் பொதைக்காம மேலாப்லயே கொண்டு போங்க.

கடைசியா பணம் சம்பந்தமா. பல நாடுகள்ல நிலத்த மீட்டுக் குடுக்குறதுக்குப் பிணையா ஒரு உறுதித் தொகை கட்ட வச்சிருப்பாங்க. நான் சொன்ன அந்த 1977 சட்டத்துல கடைசி வெதைப்புக்கு அப்புறம் 5 வருசம், வருசத்துக்கு 26 இன்ச் இல்ல அதுக்கும் கம்மியா மழை பெய்யுற எடத்துல 10 வருசம் பொறுப்பு இருக்கு. ஏன்னா பச்சை புடிக்குறது வேற, நிக்கிறது வேற. உங்க ஒப்பந்தத்துல அந்தக் காலம் எவ்ளோ, எது நடந்தா தொகைய விடுவிப்பாங்கன்னு வரி வரியாப் படிங்க. புல்லு மூடியிருந்தா போதும்னு எழுதியிருந்தா, இத்தனை அடி ஆழத்துக்கு வேரு எறங்கணும், இவ்ளோ வெளச்சல் வரணும்னு சேக்கச் சொல்லி எழுத்துல குடுங்க. வாய்ல பேசி விட்டுடாதீங்க, குழியோட போட்டோ, தண்ணி நின்ன போட்டோ, மண்ணு ரிப்போர்ட் எல்லாத்தையும் தேதியோட வச்சுக்கோங்க, எங்களுக்கு ரிப்பர் வந்ததே அந்த போட்டோக்கள மேசை மேல வச்சதுக்கு அப்புறம்தான்.