பொட்டில் தெறிக்கும் நாட்கள்

மார்ச் 2

காலண்டரில் மூன்றே குறி போதும். ஒற்றைத் தலைவலி (மைக்ரேன்) வந்த நாளுக்குப் புள்ளி, மாத்திரை போட்டால் அதைச் சுற்றி வட்டம், பீரியட்ஸ் நாளுக்கு அடியில் கோடு. மூன்று மாதத் தாளை அப்படியே டாக்டர் மேஜையில் வைத்தால் போதும், வாயால் விளக்க வேண்டியது பாதியாகக் குறையும். கோடு தொடங்க இரண்டு நாள் முன்பிருந்து மூன்றாம் நாள் வரை புள்ளிகள் குவிந்திருந்தால், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது வருகிற வலி அது. மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் வட்டங்களைத்தான் முதலில் எண்ண வேண்டும்.

மார்ச் 5

இடது பொட்டு. வெளிச்சம் ஆகவில்லை. திரையை இழுத்து மூடியாச்சு.

மார்ச் 6

சுமாட்ரிப்டான் (மைக்ரேன் வலிக்கான ட்ரிப்டான் வகை மாத்திரை) 50 மி.கி. போடுகிறவர்கள் வலி லேசாக இருக்கும்போதே போட்டுவிட வேண்டும். “கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்” என்று இருந்துவிட்டால் வயிறு மந்தமாகி மாத்திரை இரைப்பையிலேயே கிடக்கும், ரத்தத்தில் சேராது. டாக்டர் டாம்பெரிடோன் 10 மி.கி. சேர்த்து எழுதுவது வாந்திக்கு மட்டுமில்லை, மாத்திரையைக் கீழே இறக்கவும்தான். வாந்தி நிற்கவே இல்லையென்றால் மூக்கில் அடிக்கிற ஸ்ப்ரே அல்லது ஊசி.

கண்ணில் வளைவு நெளிவாக வெளிச்சக் கோடு ஓடுகிறவர்கள் அது ஓடும்போது போட வேண்டாம். வலி கிளம்பியதும் போட வேண்டும்.

வலி விட்டுவிட்டுத் திரும்ப வந்தால் 2 மணி நேர இடைவெளிக்குப் பிறகு இன்னொன்று. முதல் மாத்திரையே கேட்கவில்லை என்றால் அதே வலிக்கு இரண்டாவதும் கேட்காது. கூடவே நாப்ராக்ஸன் 500 மி.கி. போட்டால் மறுபடி வருவது குறைகிறது. வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் நாப்ராக்ஸன் பக்கமே போகக் கூடாது.

மார்ச் 11

பத்து. மாதத்துக்குப் பத்து.

மார்ச் 12

நேற்று எழுதியது ட்ரிப்டான் கணக்கு, மாதத்துக்குப் பத்து நாள். கோடீன் கலந்தது, கஃபைன் கலந்த வலி மாத்திரைகள் எல்லாவற்றுக்கும் அதே கணக்குதான். தனிப் பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் என்றால் 15 நாள். மூன்று மாதத்துக்கு மேல் இந்த எல்லையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் மாத்திரையே வலியைக் கொண்டுவரும். எண்ண வேண்டியது மாத்திரைகளை இல்லை, நாட்களை. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் அது ஒரு நாள்தான்.

மார்ச் 19

“மெனோபாஸ் வந்தால் தானாகப் போய்விடும்.” எத்தனை பேர் வாயில் இது! முழுப் பொய்யும் இல்லை. முழுசாக நின்று, ஹார்மோன் அடங்கிய பிறகு நிறையப் பேருக்குக் குறையத்தான் செய்கிறது. அதற்கு முந்தைய வருடங்களைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஈஸ்ட்ரோஜன் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் சரியும். நாற்பதுகளில் வலி அடிக்கடி வருவதும், நாள் கணக்கில் நீள்வதும் அதனால்தான். “உனக்கு டென்ஷன்” என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். கோபம் வருகிறது.

இதைவிடப் பயப்பட வேண்டியது, “கர்ப்பப்பையோடு ஓவரியையும் எடுத்துவிட்டால் தலைவலி நிற்கும்” என்கிற பேச்சு. ஓவரியை எடுத்தால் ஈஸ்ட்ரோஜன் ஒரேயடியாக விழும், வலி பலருக்குக் கூடும். தலைவலிக்காக மட்டும் அந்த ஆபரேஷனுக்கு யாரும் சம்மதிக்கக் கூடாது.

உடம்பு கொதிப்பு, வியர்வைக்காக ஹார்மோன் வேண்டியிருந்தால் தோலில் ஒட்டுகிற பேட்ச் மாத்திரையைவிட நல்லது, அளவு ஏறி இறங்காது. ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேறு விஷயம்: கண்ணில் வெளிச்சக் கோடு வருகிறவர்களுக்குப் பக்கவாத ஆபத்து, அது கூடாது.

மார்ச் 24

காலண்டரில் பீரியட்ஸ் கோடு தள்ளிப் போகிறது. பீரியட்ஸுக்கு இரண்டு நாள் முன்பே மாத்திரை தொடங்குகிற வழி, தேதி தெரிந்தால்தான் உதவும்.

ஏப்ரல் 3

பிரஷர் 152/94. உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆன பிறகும் அதேதான்.

ஏப்ரல் 4

தூக்கம் இல்லை. கட்டுக்குள் இல்லாத பிரஷரோடு ட்ரிப்டான் கூடாது, அது ரத்தக்குழாயைச் சுருக்கும். மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு அறவே கூடாது. வயதாக ஆக, கைக்கு அடக்கமாக இருந்த மருந்தே கை நழுவுகிறது. ரத்தக்குழாயைச் சுருக்காத ஜெபன்ட் வகை மாத்திரை இருக்கிறது, ரிமெஜெபன்ட் 75 மி.கி. போல. பிரஷரை அடக்கினால் ட்ரிப்டான் திரும்பக் கிடைக்கலாம் என்பதுதான் இப்போதைக்கு ஆறுதல்.

ஏப்ரல் 8

தடுப்பு மருந்து. வலி வந்தாலும் வராவிட்டாலும் தினமும். புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அமிட்ரிப்டிலின் இரவில் 10 மி.கி.யில் தொடங்கும், தூக்கம் கெட்டவர்களுக்கு நல்லது, வாய் உலரும். டோபிராமேட் 25 மி.கி.யில் தொடங்கி வாரம் 25 ஆக ஏற்றுவார்கள். விரல் நுனி மரத்துப் போகும், பேச்சில் சொல் சிக்காது. கேண்டிசார்டன் பிரஷர் மாத்திரைதான், ஆனால் 16 மி.கி. அளவில் ஒற்றைத் தலைவலியையும் தடுக்கிறது. ஒரே மாத்திரையில் இரண்டு வேலை. இதைக் கேட்டே ஆக வேண்டும்.

பீரியட்ஸ் தள்ளிப் போகிற வயதிலும் கர்ப்பம் தரிக்கலாம். கேண்டிசார்டன், டோபிராமேட், இன்னொரு தடுப்பு மருந்தான வால்ப்ரோயேட் மூன்றுமே கருவைப் பாதிக்கும். டாக்டர் கேட்காவிட்டாலும் நாமே சொல்லிவிட வேண்டும்.

ஏப்ரல் 15

கேண்டிசார்டன் 4 மி.கி. காலையில்.

ஏப்ரல் 17

எழுந்து நின்றால் லேசாகத் தலை சுற்றல். கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் சரி.

ஏப்ரல் 26

வலி குறையவில்லை. எட்டு வாரம், முடிந்தால் பன்னிரண்டு வாரம் முழு அளவில் சாப்பிடாமல் எந்தத் தடுப்பு மருந்தையும் “கேட்கவில்லை” என்று தள்ளக் கூடாது. நிறையப் பேர் மூன்றாம் வாரத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பத்து. இந்த மாதமும் பத்துக்குள் நிற்க வேண்டும்.

மே 1

ஐம்பதுக்கு மேல் புதிதாகத் தலைவலி வந்தால், அல்லது பழைய வலியின் குணம் மாறினால், அதை மைக்ரேன் கணக்கில் சேர்க்கக் கூடாது. தலை வாரும்போது தோல் நோகுதல், மெல்லும்போது தாடை வலி, பார்வை மங்கல்: அன்றைக்கே டாக்டர், அன்றைக்கே அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை. பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருந்து சிகிச்சை தாமதமானால் கண் பார்வை போய்விடும். நொடியில் உச்சத்துக்குப் போகிற வலி, வாய் கோணல், ஒரு கை விழுதல் என்றால் நேராக எமர்ஜென்சி.

மே 6

கேண்டிசார்டன் 8 மி.கி. பிரஷர் 138/86.

மே 7

அளவு ஏற்றிய பிறகு, சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். காலையில் ரத்தம் கொடுத்தாச்சு. ரிசல்ட் நாளை.