பூ மழைக்குப் பின் ஒன்பதாம் நாள்

மார்ச் 13, வெள்ளி

சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். சேர்வராயன் மலையைக் காணோம். மலை இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் மழைதான் நின்றது. இங்கே சேலம் அம்மாப்பேட்டையில் நாலு தூறல், அதுவும் மண் நனைவதற்குள் காய்ந்துவிட்டது.

இவர் வர ஏழரை ஆனது. ஆத்தூர் ரோட்டில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறார். மரவள்ளிக் கிழங்கு சீசன் முடியும்வரை இப்படித்தான். கிழங்கை அரைத்துப் பாலெடுத்துத் தொட்டியில் தெளிய விடுவார்கள். மிஞ்சுகிற திப்பி வெளியே கிடந்து புளிக்கும். அந்தப் புளிச்ச வாசனை சட்டையோடு வீட்டுக்கும் வரும். கல்யாணமான புதிதில் மூக்கைப் பொத்தியிருக்கிறேன். இப்போது அது வாசலுக்கு வந்ததும் கை தானாக டபராவைத் தேடுகிறது.

"மலையில நல்ல மழையாம், எங்க டிரைவர் அண்ணன் சொன்னாரு. பூ மழை. இன்னும் எட்டு ஒம்பது நாள்ல காபி பூக்கும். பாத்திருக்கியா அம்மணி?"

கும்பகோணத்துக்காரியிடம் காபியைப் பற்றிக் கேள்வி! ஆனால் செடியைக் கண்ணால் கண்டதில்லை என்பதை ஒத்துக்கொள்ள வேண்டியதாகிவிட்டது.

மார்ச் 15, ஞாயிறு

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் தட்டுவடை செட். எங்கள் ஊரில் தட்டை என்பது தீபாவளிக்கு டப்பாவில் இருக்கும் பண்டம். இங்கே இரண்டு தட்டைக்கு நடுவில் கேரட், பீட்ரூட், வெங்காயத் துருவல் வைத்து, பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி தடவித் தருகிறார்கள். நாகரிகமாகப் பாதி கடித்தேன். மீதிப் பாதி மாம்பழ நிறப் புடவையில் இறங்கியது. "ஒரே வாயில போடோணும் கண்ணு" என்றார் கடைக்கார அம்மா. இதைக் கையில் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம். பீட்ரூட் கறை போகவில்லை.

மார்ச் 18, புதன்

தண்ணீர் வந்தது. பிடித்தேன். வேறொன்றும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

விடியற்காலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் கிளம்பினோம். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு. 1935ல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய ஸ்டுடியோ, நூற்றுக்கும் மேல் படம் எடுத்த இடம், இன்று வளைவு மட்டும் தனியாக நிற்கிறது. இவருடைய அம்மாச்சி ஏதோ ஒரு படத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நின்றாராம். எந்தப் படம் என்று கேட்டால் ஒவ்வொரு தடவையும் ஒரு பேர் வரும்.

அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டு வரை ஒழுங்காகப் போனது, அப்புறம் காது அடைத்துக் கணக்கு விட்டுப்போனது. ஸ்கூட்டர் முக்கி முனகி ஏறியது. ஏறும்போது அது கஷ்டப்பட்ட மாதிரி தெரிந்தது. இறங்கும்போது கஷ்டப்படாததுதான் பின்னால் வினையாயிற்று.

டிரைவர் அண்ணனின் சித்தப்பா நாகலூர் போகும் வழியில் ஒரு எஸ்டேட்டில் மேஸ்திரி. கேட்டுக்குள் நுழையும்போதே வாசனை அடித்தது. யாரோ கூடை நிறைய மல்லிகை கொண்டு போகிறார்கள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஆளே இல்லை. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, அடியில் இடுப்புயரச் செடிகள், அத்தனையும் வெள்ளை. பூ நுனியில் இல்லை. கிளை நெடுக, இலைக் காம்பு சேருகிற கணுவுக்குக் கணு, கொத்தாக நெருக்கிக் கட்டிய சரம் மாதிரி. நாங்கள் கட்டினால் கூட அவ்வளவு நெருக்கம் வராது. தேனீச் சத்தம் ஒரே சீராக இருந்தது. இந்தப் பூ இரண்டு மூன்று நாள்தான் இருக்குமாம், அதற்குள் பழுப்பாகிவிடும். ஒரு கிளையை மூக்கருகே இழுக்கப் போனேன். "ஆட்டாதீங்கம்மா, ஒவ்வொரு பூவும் ஒரு பழம்" என்றார் மேஸ்திரி. கையை எடுத்துக்கொண்டேன்.

1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரைதான் இந்த மலைக்குக் காபி கொண்டுவந்தார் என்று மேஸ்திரியே சொன்னார். கலெக்டரை நேரில் பார்த்தவர் மாதிரி ஒரு தோரணை. களத்து ஓரத்தில் காய்ந்து கிடந்த போன அறுவடைப் பழம் ஒன்றை உடைத்துக் காட்டினார். உள்ளே இரண்டு கொட்டை, தட்டையான பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி. சில பழத்தில் ஒன்று மட்டும் உருண்டையாக இருக்கும், அதுதான் பீபெரி, விலை கூட. "தனியா இருந்தா மதிப்பு ஜாஸ்திங்கறாங்க, கேட்டுக்க" என்றார் இவர். கிள்ளினேன்.

ஒரு கிலோ பச்சைக் கொட்டை வாங்கிக்கொண்டோம். ஏரிக்கரையில் இட்லி. ஐந்தரை மணிக்கு இறக்கம்.

பாதி வழியில் ஒரு கருகல் நாற்றம். "யாரோ காபி வறுக்கறாங்க போலருக்கு" என்றேன். இவர் பதில் சொல்லவில்லை. சும்மா இருக்கிற ஆள் இல்லையே என்று தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தால், இரண்டு பிரேக்கையும் கைப்பிடியோடு ஒட்டப் பிடித்திருக்கிறார், வண்டி அது பாட்டுக்குப் போகிறது. "காலைத் தூக்கிக்க" என்றார். வண்டியை மலைப்பக்கத்து மண்ணில் ஏற்றி, இரண்டு காலையும் ஊன்றித் தேய்த்து, ஒரு செம்பருத்திப் புதரில் நிறுத்தினார். அவருடைய செருப்பு வார் அறுந்தது. எனக்கு ஒன்றுமில்லை, காபிக் கொட்டைக்கும் ஒன்றுமில்லை.

பாட்டில் தண்ணீரை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றப் போனேன். மேலே ஏறிக்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர் கத்தினார்: "ஊத்தாதீங்க, டிரம் விரிஞ்சிரும்! அரை மணி சும்மா நில்லுங்க."

நின்றோம். நொறுக்கல் பொட்டலத்தைப் பிரித்தேன். ஒரு வாய் போடுவதற்குள் குரங்கு ஒன்று வந்து பொட்டலத்தோடு வாங்கிக்கொண்டு போனது. வாங்கிக்கொண்டு என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு நிதானம். இவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம்தான் பார்த்தேன், கை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. பிடித்துக்கொண்டேன். கீழே சேலத்தில் விளக்கு ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தது.

மிச்ச வழியை உருட்டாத குறையாக இறங்கினோம்.

மார்ச் 23, திங்கள்

மெக்கானிக் டிரம்மைக் கழற்றி பிரேக் ஷூவைக் காட்டினார், கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. சூடேறி இப்படி ஆகிவிட்டால் பிடிக்காதாம். "இதுல கியர் இல்லீங்க. ஆக்சிலேட்டரை முழுசா விட்டுட்டு மெதுவாப் போனீங்கன்னா கிளட்ச்சும் விட்டுரும், இன்ஜின் பிடிக்காது. பூரா பாரமும் பிரேக் மேலதான். நடுவுல நடுவுல நிறுத்தி ஆற வெச்சு வரோணும்." இவர் பள்ளிக்கூடப் பையன் மாதிரி தலையாட்டினார். இரண்டு ஷூவும் புதிது.

அத்தைக்குப் பஞ்சர் என்று சொல்லியிருக்கிறோம்.

மார்ச் 29, ஞாயிறு

இரும்புச் சட்டியில் காபி வறுத்தோம். வறுத்தது இவர், நான் மேற்பார்வை. அப்பா வறுகடையில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற அனுபவம் எனக்கு இருக்கிறதல்லவா. பச்சை மெல்ல மஞ்சளாயிற்று, வைக்கோல் வாசனை வந்தது, பழுப்பேறியது. பிறகு பட் பட்டென்று வெடிக்கத் தொடங்கியது, பொரி மாதிரி. மேல்தோல் சமையலறை முழுக்கப் பறந்தது. அந்த நேரம் பார்த்து இவருக்கு ஆலையிலிருந்து போன். "கிளறுங்க" என்கிறேன், லாரி நம்பரை எழுதிக்கொண்டிருக்கிறார். நான் கரண்டியைப் பிடுங்குவதற்குள் புகை.

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். இவர் மூக்கை உறிஞ்சினார். "பிரேக்!" என்றார்.

எடை போட்டால் கிலோவில் ஆறில் ஒரு பங்கு காணோம். ஈரம் போய்விட்டதாம். தரையில் சிந்தியதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. ஆற வைத்திருக்கிறோம், நாளைக்கு அரைக்க வேண்டும். அதில் நூறு கிராம் அப்பாவுக்குக் கூரியர்.

ஏப்ரல் 3, வெள்ளி

காலையிலேயே அப்பா போன்.

"யாருடீ வறுத்தது? கருக விட்டிருக்கான் பாவி. சிக்கரி போட்டாலும் தேறாது."

"உங்க மாப்பிள்ளைதாம்பா."

சிறிது நேரம் சத்தமில்லை.

"வாசனை இருக்கு" என்றார் அப்பா.