மழைக்காலத் தண்ணீர்

லாரியின் பிரேக்குக்கான காற்றைச் சேர்த்துவைக்கும் ஏர் டேங்கில் தண்ணீர் அதிகம் வருகிறது என்பதை அந்த டிரைவர் முதல் நாளிலேயே என்னிடம் சொல்லிவிட்டார். நான் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி அதன் ரப்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்று, "டேங்க்குல இப்பல்லாம் தண்ணி ரொம்ப வருதுங்கண்ணா" என்றார். "ஐப்பசி மழையில வராம வேற எப்ப வரும்" என்று சொல்லிவிட்டு மூடியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன். நான் சொன்னதில் பிழை ஏதும் இல்லை. இன்றுவரை என்னை உறுத்துவதும் அதுதான். ஈரக் காற்றை அழுத்தி டேங்கில் அடைத்தால், அது ஆறும்போது தண்ணீராகத்தான் இறங்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையர் இல்லாத பழைய வண்டிகளில் காலையில் டேங்கின் அடிவால்வை இழுத்துவிட்டுத் தண்ணீரை வடிப்பது, நாமக்கல் பட்டறைகளில் கையாளாக வரும் பையனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி.

வண்டி என்னிடம் வந்தது வேறு காரணத்துக்காக. ஓசூர் போய்த் திரும்புவதற்குள் ரேடியேட்டரில் 5 லிட்டர் தண்ணீர் குறைந்துவிடுகிறது. எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஹோஸ்களில் கசிவு இல்லை. வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சிறு துளை உலர்ந்து கிடந்தது. எஞ்சின் ஆயில் பால் போல வெளுக்கவில்லை. புகையும் வெள்ளையாக வரவில்லை. ஆனால் மூடியைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டபோது ரேடியேட்டரில் குமிழிகள் கிளம்பின. 22 ஆண்டுகள் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அந்தக் குமிழிகளுக்கு ஒரே ஒரு பொருள்தான்: எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, சிலிண்டரில் எரிந்த காற்று தண்ணீருக்குள் ஏறுகிறது. அன்று மாலையே ஹெட்டை இறக்கிவிட்டேன்.

கேஸ்கெட்டில் மூன்றாவது சிலிண்டருக்கும் நான்காவது சிலிண்டருக்கும் இடையில் மெல்லிய கருங்கோடு ஒன்று இருந்தது. அது கசிவின் தடமா, வெறும் பழமையின் கறையா என்பதை அன்று நான் யோசிக்கவே இல்லை, ஏனென்றால் நான் தேடிப் போனது அதைத்தான். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி விரிசல் பார்த்து, அதன் முகத்தைச் சமமாகச் சீவி, புதுக் கேஸ்கெட் போட்டு ஏற்றினோம். 28,000 ரூபாய் ஆயிற்று. லாரி முதலாளி பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, "தண்ணி பாக்காம ஓட்டியிருக்கான், அதான் ஹெட்டு போச்சு" என்று சொல்லி, டிரைவரின் ஒரு டிரிப் பேட்டாவைப் பிடித்துக்கொண்டார். அப்போது நான் மறுத்தும் பேசவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. சூடேறினால் கேஸ்கெட் போகும் என்பது உண்மைதானே என்று எனக்குள் ஒரு சமாதானம் இருந்தது.

மூன்றாவது டிரிப்பிலேயே வண்டி திரும்பி வந்தது. அதே 5 லிட்டர், அதே குமிழிகள். என் வேலையில் எங்கோ பிசகிவிட்டது என்று கூசிப்போய் ரேடியேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, வண்டிக்கு அடியில் 'புஸ்' என்று காற்று இறங்கும் சத்தம் கேட்டது. அந்த நொடியே குமிழிகள் நின்றுபோயின. காற்றழுத்த மீட்டர் 8 பாரைத் தொட்டு, டேங்குக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் ஏர் கம்ப்ரஸர் காற்று ஏற்றுவதை நிறுத்திக்கொண்ட சத்தம் அது. டிரைவரை மேலே ஏறி பிரேக்கை நாலைந்து தடவை மிதிக்கச் சொன்னேன். முள் இறங்கியது, கம்ப்ரஸர் மறுபடியும் ஏற்றத் தொடங்கியது, குமிழிகளும் வந்தன. எரிந்த காற்றாக இருந்திருந்தால் எஞ்சின் ஓடும்வரை வந்துகொண்டேதான் இருந்திருக்கும்.

கம்ப்ரஸரின் ஹெட்டைக் குளிர்விப்பதும் எஞ்சினின் அதே தண்ணீர்தான். அந்த ஹெட்டில் விரிசல் விட்டிருந்தது. காற்று ஏற்றும்போது அழுத்தம் மிகுந்த காற்று தண்ணீருக்குள் புகுந்தது. ஓய்ந்திருக்கும்போது தண்ணீர் கம்ப்ரஸருக்குள் கசிந்து, அடுத்த தடவை காற்றோடு சேர்ந்து டேங்குக்குப் போனது. கூலன்ட் ஊற்றிய வண்டியாக இருந்திருந்தால் டேங்கில் வடியும் தண்ணீரில் பச்சையோ சிவப்போ தெரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். இந்த வண்டியில் ஊற்றிக்கொண்டிருந்தது போர்வெல் தண்ணீர். ரேடியேட்டரிலும் துரு நிறம், டேங்கிலும் துரு நிறம். இதை எனக்குச் சாதகமாக நான் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் டிரைவர் சொன்னது நிறத்தைப் பற்றியதே அல்ல. "ரொம்ப வருது", "இப்பல்லாம்" என்ற அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டு, தண்ணீர் என்ற சொல்லுக்கு மட்டும் நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

முதலாளி வந்து விசாரித்தபோது, "ரெண்டுலயுமே கோளாறு இருந்துச்சுங்க" என்றேன். டிரைவர் அங்கேதான் நின்றார். கையிலிருந்த வேஸ்ட் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தவர், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடியும் துடைக்கத் தொடங்கினார். அது பொய் என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, அந்தக் கருங்கோடு இருந்தது உண்மை. உண்மை என்றும் சொல்ல முடியாது. கேஸ்கெட்டை மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று தோன்றியபோது, அது பழைய இரும்போடு எடைக்குப் போயிருந்தது.

கம்ப்ரஸர் வேலைக்குக் கூலி வாங்கவில்லை. அதனால் கணக்கு நேராகிவிட்டது என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். நேரானது முதலாளியின் கணக்கு. பிடித்த பேட்டா பிடித்ததாகவே இருந்தது, அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லும் இடத்தில் இருந்த ஒரே ஆள் நான். இதைவிடப் பெரிதாக இன்னொன்றும் உண்டு. முதல் நாளுக்கும் மூன்றாவது டிரிப்புக்கும் நடுவே, பிரேக் வால்வுகளுக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்த அந்த வண்டியை அவர் சுமையோடு தொப்பூர்க் கணவாயில் மூன்று முறை இறக்கியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் டிரைவர் சொல்வதை முழுக்கக் கேட்ட பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் போன மாதம், கிளட்ச் வேலைக்கு வந்த ஒரு வண்டியின் டிரைவர், "மேடு ஏறும்போது மட்டும் ஒரு சத்தம் வருதுங்க" என்று தொடங்கியபோது, "லோடு வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும்" என்று சொல்லியிருக்கிறேன். சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் எனக்குக் கேட்டது. அதற்குள் அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.