பழைய பைப்பர் கப் விமானமும் காணாமல் போன லொக் புத்தகமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கப் பார்த்த விமானம் எனக்கு இல்லை. டெக்சாஸில் இருக்கும் மச்சானுக்கு. நான் நோர்வூட்டில் இருக்கிறேன். மாலைதீவில் பல வருடம் கடல் விமானங்களைப் பழுதுபார்த்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தவன். அந்த ஒரே காரணத்துக்காகக் கடதாசி பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. "மச்சான், நீங்க புத்தகத்தைப் பாருங்க, நான் விமானத்தைப் பாக்குறேன்" என்றார்.

1946இல் செய்த பைப்பர் ஜே-3 கப், இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். மஞ்சள் உடம்பு, பக்கத்தில் கறுப்பு மின்னல் கோடு, 65 குதிரைவலு கொண்டினென்டல் எஞ்சின். விற்பவர் ஆர்கன்சாஸில். மச்சான் ஐந்து மணித்தியாலம் கார் ஓட்டிப் போய்ப் பார்த்தார், மயங்கிவிட்டார். "வருடாந்த ஆய்வு ரெண்டு மாசத்துக்கு முன்னதான் முடிஞ்சிருக்கு, இனிப் பத்து மாசத்துக்குக் கவலை இல்ல" என்றார். எனக்கு அங்கேயே வயிற்றைக் கலக்கியது.

லொக் புத்தகம் என்றால் விமானத்தில் செய்த ஆய்வு, பழுது எல்லாம் எழுதும் பதிவேடு. அதன் பக்கங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. பாதி தலைகீழ், சிலதில் விற்பவரின் கட்டைவிரல். ஜூலை மழையில் சிக்னல் வந்து வந்து போகிறது. போனில் பார்த்துக் கண் வலித்து, ஹட்டன் டவுனுக்கு பஸ் ஏறி கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுக்கப் போனால் கரண்ட் இல்லை. அடுத்த நாள் மறுபடி போனேன். கடைத் தம்பி ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது என்ன, வழக்கா?" என்று கேட்டான்.

கடைசி ஆய்வுப் பதிவில் இருந்தது ஒரே வரி: பொருந்தும் ஏ.டி. எல்லாம் நிறைவேற்றப்பட்டன. கீழே கையெழுத்து. அவ்வளவுதான்.

ஏ.டி. என்றால் வான்தகுதிப் பணிப்புரை. ஒரு ரகத்தில் ஆபத்தான குறை தெரிந்தால் அரசு போடும் கட்டாய உத்தரவு. சிலது ஒரு தடவை செய்தால் முடிந்தது. சிலது இத்தனை மாதத்துக்கு ஒரு முறை, இத்தனை மணித்தியாலத்துக்கு ஒரு முறை என்று திரும்பத் திரும்ப வரும். அமெரிக்கச் சட்டப்படி சொந்தக்காரரிடம் ஒவ்வொரு ஏ.டி.க்கும் அதன் எண், திருத்தத் திகதி, எந்த முறையில் செய்தார்கள் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். திரும்ப வருவது என்றால் அடுத்த தவணை எப்போது என்பதும் இருக்க வேண்டும். "எல்லாம் செய்தாச்சு" என்பது பதிவே இல்லை. வருடாந்த ஆய்வில் கையெழுத்து இருந்தாலும், நடுவில் ஒரு ஏ.டி. தவணை தாண்டினால் அந்த விமானம் பறக்கத் தகுதியற்றதுதான்.

பழைய பைப்பரில் நான் முதலில் தேடுவது இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் கம்பிகளை. பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு. உள்ளே வெறும் குழாய். ஈரம் இறங்கிக் கீழ் நுனியில் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். கம்பி விட்டால் இறக்கை போயிற்று. அதனால் 24 மாதத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று உத்தரவு இருக்கிறது, பழையது 1999, இப்போதையது 2015. காற்றுப் புகாத புதுக் கம்பி போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. கடல் உப்பில் வேலை செய்தவனுக்கு உள்துரு என்றால் பேய் மாதிரி.

விற்பவரிடம் ஒரே கேள்விதான் கேட்கச் சொன்னேன்: ஸ்ட்ரட் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? பதில், "ஆய்வு முடிந்துவிட்டது." மறுபடி கேட்டோம். "ஆய்வில் எல்லாம் அடக்கம்." மூன்றாவது தடவை, ஒரு பழைய லொக் புத்தகம் வெள்ளத்தில் போய்விட்டது என்றார். அதைப் போன முறையே சொல்லியிருக்கலாம்.

புத்தகம் தொலைந்த விமானம் என்றால் ஒரு வழி இருக்கிறது, குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஓக்லஹோமா சிட்டியில் உள்ள விமானப் பதிவகத்தில் அந்தப் பதிவெண்ணின் முழுக் கோப்பையும் காசு கட்டி வாங்கலாம். பெரிய பழுதோ மாற்றமோ செய்தால் நிரப்பும் 337ஆம் இலக்கப் படிவங்களின் பிரதி அதில் இருக்கும். எடுத்துப் பார்த்தால், இடது இறக்கை நுனி தரையில் அடிபட்டுப் பழுது பார்த்த கதை! விளம்பரத்தில் அது இல்லவே இல்லை. பழுது ஒழுங்காகத்தான் பார்த்திருந்தார்கள், அது வேறு விஷயம். ஸ்ட்ரட் பற்றிக் கோப்பிலும் ஒன்றும் இல்லை.

சரி, கம்பி காற்றுப் புகாத புது ரகமா என்று காட்டும் பாகத் தகடு இருக்கிறதா என்று நேரில் பார்க்கலாம் என்று மச்சான் மறுபடி போனார். விமானம் நிறுத்தும் ஹேங்கர் பூட்டு. விற்பவர் மீன் பிடிக்கப் போயிருந்தார். போக ஐந்து, வர ஐந்து, பத்து மணித்தியாலம் வீண். அதைவிட, "என் மெக்கானிக்கே பார்த்துத் தருவார்" என்று அந்த மனிதர் சொன்னதுதான் எனக்கு எரிச்சல். ஆய்வில் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். தன் பிழையைத் தானே யார் கண்டுபிடிப்பார்கள்?

எங்கள் அப்பா தோட்டத்துப் பெக்டரியில் எஞ்சின் பார்த்தவர். எந்தத் தேதியில் எந்த பெல்ட் மாற்றினார் என்பது வரை ஒரு கொப்பியில் எழுதுவார், தொரை கேட்காவிட்டாலும். தேயிலை உருட்டும் மிஷினுக்கே அப்படி.

சம்பந்தமே இல்லாத வேறொரு மெக்கானிக்கை மச்சான் காசு கொடுத்துக் கூட்டிப் போனார். அவர் மோல் என்ற குத்திப் பார்க்கும் கருவியைக் கம்பிகளின் கீழ் நுனியில் அழுத்தினார். வலது பின் கம்பியில் பள்ளம் விழுந்தது, உள்ளே அரித்துவிட்டது என்று அர்த்தம். அந்த வீடியோ வந்தபோது இங்கே காலை ஏழு மணி. டீ ஆறிப்போனது தெரியாமல் நாலு தடவை பார்த்தேன். விற்பவர் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கு புதுக் கம்பிக்கும் கூலிக்கும் ஆன டொலரை விலையில் கழித்தார். பணம் அனுப்பியது, பெயர் மாற்றியது எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். மர ப்ரொப்பெல்லர் என்றால் அதன் போல்ட் இறுக்கத்தை 50 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாருங்கள். மரம் காலநிலைக்கு ஏற்றபடி சுருங்கும், விரியும். துணி போர்த்திய இறக்கை என்றால் பருத்தியா பொலியெஸ்டரா என்று கேளுங்கள், பருத்தி சீக்கிரம் வலுவிழக்கும். அவசர சமிக்ஞைப் பெட்டிக்கு 12 மாதச் சோதனை தனி, அதன் பற்றரிக்கும் காலாவதித் திகதி உண்டு. எஞ்சினுக்கு ஓடிய மணித்தியாலம் குறைவு என்று மயங்க வேண்டாம். ஓடாமல் வருடக்கணக்கில் நின்ற எஞ்சினுக்குள்ளேயும் துருதான்.

புது லொக் பதிவில் ஏ.டி. எண் முதல் செய்த முறை வரை வரிசையாக இருக்கிறது. பள்ளம் விழுந்த பழைய கம்பியை மச்சான் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். தங்கச்சிக்கு அதில்தான் கோபம், என்னிடம் போன் பண்ணித் திட்டுகிறாள்.